ஞாயிற்றுக்கிழமை ஹீலர்

எனக்குத் திருடியாக வேண்டும் என்றுதான் ஆசை. முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டேன். சுவர் ஏறுகிறவள், பூட்டை நெம்புகிறவள், யார் வீட்டு மொட்டை மாடியிலாவது காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து ஊரைப் பார்க்கிறவள். நாற்பத்திரண்டு வயதில் நான் வேறு எங்கே போய்ச் சுவர் ஏறுவது? சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி விளையாடுகிற விளையாட்டு அது. அதில் யாராக வேண்டுமானாலும் ஆகலாம் என்று என் கணவர் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாராக வேண்டுமானாலும் என்றால் நான் திருடி என்றேன்.

மேசையில் இருந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நங்கையா, ஹீலர் இல்லாம டீம் ஓடாதுங்க," என்றார் என் கொழுந்தனார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆமாங்க்கா. நீங்க ஹீலர் எடுத்துக்குங்க. ஈஸிதான். பின்னாடி நின்னுக்கிட்டு அடிபட்டவங்களுக்கு வைத்தியம் பண்ணாப் போதும்," என்றாள் கணவரின் ஆபீஸில் வேலை செய்கிற பெண்.

"அடுத்த கதையில திருடி ஆயிக்கலாம், அம்மணி," என்றார் கணவர்.

தலையை ஆட்டினேன். ஆட்டித்தானே பழக்கம்.

இந்த மூன்று பேரையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணவர் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் டிசைன் வரைகிறவர். எங்கள் மேசையில் கதையை நடத்துகிறவர் அவர்தான். ஜிஎம் என்பார்கள். ஊர் எப்படி இருக்கிறது, கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கொழுந்தனார் சோமனூரில் தறி ஓட்டுகிறார். தறிக் கொட்டகைக்கு மேலே ஓர் அறை கட்டி, ஏசி போட்டு, பெரிய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். கீழே தறி அடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்காது, காதில் ஹெட்போன். அந்தப் பெண் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து, பேக்கரியில் பஃப்ஸ் வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளும் வீடியோ கேமில் ஊறியவள். முகம் தெரியாத நான்கு பேரோடு சேர்ந்து ராட்சசர்களை அடிக்கப் போவாளாம். அந்த நான்கு பேரில் ஒருவர் பிரேசிலாம்.

நான் ஆடிய ஒரே வீடியோ கேம், பழைய பட்டன் போனில் வந்த பாம்பு விளையாட்டு. அதனால்தான் இவர்கள் செய்த ஒவ்வொன்றும் எனக்குப் புதிதாகக் கண்ணில் பட்டது. இல்லையென்றால் நானும் கண்டுகொண்டிருக்க மாட்டேன்.

ஒன்று சொல்கிறேன். கதையில் நாங்கள் ஒரு நெசவாளிக் கிராமத்துக்குள் போகிறோம். கணவர் அழகாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்: ஓட்டு வீடு, வாசலில் பாவு நூல் விரித்திருக்கிறது, கதவு ஒருக்களித்திருக்கிறது. கொழுந்தனார் உடனே, "உள்ள போயி பானையெல்லாம் ஒடச்சுப் பாக்கறனுங்க," என்றார்.

"யாரு ஊட்டுக்குள்ளங்க போறீங்க? வாங்கன்னு யாராச்சும் கூப்பிட்டாங்களா?" என்றேன்.

"கேம்ல அப்படித்தானுங்க நங்கையா. பானைக்குள்ள மருந்து கிடக்கும்."

இதைச் சொன்னவர் யார் தெரியுமா? தன் தாய்மாமன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே, "வாங்க" என்று ஒரு வார்த்தை காதில் விழுகிறவரை, வெயிலில் பைக்கை ஸ்டாண்டு போட்டுக்கொண்டே நிற்கிற மனிதர். ஒரு கல்யாணத்தில் பெண்வீட்டார் அவரைப் பார்த்து வாங்க சொல்லவில்லை என்று சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார். அந்தக் குடும்பத்தோடு இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் ஊரில் இதெல்லாம் சின்ன விஷயமில்லை. அப்பேர்ப்பட்டவர் அடுத்தவன் அடுப்படி வரைக்கும் நடந்துபோய் உப்புச் சாடியைக் கவிழ்க்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

இன்னொன்று, யாருக்கும் வலிக்காது. வாள் வெட்டி, ஈட்டி குத்தி, அம்பு தைத்து நிற்பார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "பதினாலு இருக்குதுங்க," என்பார்கள். உயிர் எத்தனை பாக்கி என்று கணக்கு. பூஜ்யம் வருகிறவரை பதினாலும் ஒன்றும் அவர்களுக்கு ஒன்றுதான், அதே மாதிரி குதிப்பார்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்தியது பாலத்து ராட்சசன். ஒரு பாலத்தை மறித்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. வழக்கமாக எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டேன்.

"ஏனுங்க, சாப்பிட்டீங்களா?"

மேசையே சிரித்தது. "அக்கா, அது வெறும் மான்ஸ்டருங்க்கா. அதுகூடப் பேச முடியாது," என்றாள் அந்தப் பெண். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தன் நோட்டைப் புரட்டினார். அதில் ராட்சசனுக்கு உயிர் எத்தனை, அடி எத்தனை என்று மட்டும்தான் எழுதி வைத்திருந்தார். அவரும் அதே வீடியோ கேம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தானே. கொஞ்சம் திணறிவிட்டு, குரலைத் தடிமனாக்கி, "இல்லீங்க," என்றார்.

இல்லீங்க! பசியோடு நிற்கிறவன். நான் என் மூட்டையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குள் கொழுந்தனார் கோடாலியை ஓங்கிவிட்டார், அந்தப் பெண் இரண்டு அம்பு விட்டாள். கொன்றால்தான் பாயின்ட். முடிந்தது கதை. அன்றைக்கு நான் யாருக்கும் காபி போடவில்லை. வேண்டுமானால் போட்டுக் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் சோமனூரில் அந்த மாடி அறையில் உட்கார்ந்து கொழுந்தனாரின் விளையாட்டை நானே ஆடிப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. அதில் ராட்சசனிடம் சாப்பிட்டாயா என்று கேட்க எந்தப் பட்டனும் இல்லை. அடிக்க இருக்கிறது, ஓட இருக்கிறது, குதிக்க இருக்கிறது. கேட்க இல்லை. இருபது வருடமாக அதிலேயே பழகியவர்களுக்கு, கேட்கலாம் என்கிற மேசையில் உட்கார்ந்தாலும் கேட்கத் தோன்றுவதில்லை. அவர்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் கோபம் கொஞ்சம் இறங்கியது. நியாயமாகச் சொன்னால், வரைபடத்தை ஒரு பார்வை பார்த்து எவன் எங்கே ஒளிந்திருப்பான் என்று அந்தப் பெண் சொல்வதுபோல எனக்குச் சாகிறவரை வராது.

ஹீலர் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் முறை வரும். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று குரல்: "ஹீல் பண்ணுங்க." நான் என்ன செய்யப்போகிறேன் என்று யாரும் கேட்டதில்லை. யாருக்குச் செய்யப்போகிறேன் என்பதில்தான் விவாதம். நான் ஒரு சின்ன நோட்டுப் போட்டேன். யாருக்கு எத்தனை இருக்கிறது, எப்போது கொடுத்தேன், அடுத்தது எப்போது கொடுக்கலாம். மூன்று மாதத்தில் அந்த வேலையில் கெட்டிக்காரியாகிவிட்டேன். "அக்கா மாதிரி ஹீலர் கெடைக்கறது கஷ்டமுங்க," என்று அந்தப் பெண் மெய்யாகவே பாராட்டினாள்.

கெட்டிக்காரியாகாமல் எப்படி? அந்த மாதிரி நோட்டு நான் ஏற்கெனவே மூன்று வருடம் எழுதியிருக்கிறேன். என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துபோனது. காலை பிரஷர், சாயங்காலம் சர்க்கரை, மாத்திரை எத்தனை மணிக்கு, திருப்பிப் படுக்க வைத்தது எப்போது. அவர் போய் எட்டு மாதம் ஆன பிறகுதான் வீட்டில் மறுபடி இந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு தொடங்கியது. எனக்கும் ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்றுதான் கணவர் என்னை உட்காரச் சொன்னார். நல்ல எண்ணம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். கதையில் ஒரு கோட்டை வாசலில் நிற்கிறோம். கணவர் சொன்னார்: கோட்டைச் சுவரில் ஒரு காட்டுக்கொடி படர்ந்து மேலே போகிறது, மேலே ஒரு ஜன்னல், ஜன்னலில் வெளிச்சம். எனக்கு உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. மூன்று மாதத்தில் முதல் தடவையாக எனக்கென்று ஏதோ ஒன்று அந்தக் கதையில் இருந்தது.

"நான் கொடியப் புடிச்சு ஏறி, ஜன்னல்ல எட்டிப் பாக்கறனுங்க," என்றேன்.

"அக்கா, நீங்க மேல போயிட்டா ஹீல் யாருங்க்கா பண்றது?" என்றாள் அந்தப் பெண்.

"அதேதானுங்க. நங்கையா, நீங்க எம்பின்னாடியே வாங்க. நான் கதவ ஒடச்சுப்போட்டு உள்ள போறனுங்க," என்றார் கொழுந்தனார்.

"டேய், உள்ள மூணு பேரு நிக்கறானுக. நீ ஒத்தையா போற," என்று கணவர் எச்சரித்தார்.

"பரவால்லீங்ண்ணா. நங்கையா இருக்கறாங்க, பாத்துக்குவாங்க."

எனக்கு அந்த இடத்தில் மேசை மறந்துவிட்டது. இதே வார்த்தையை, இதே குரலில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கேட்டிருக்கிறேன். டாக்டர், மாமனார் இனிமேல் எழுந்து நடக்க மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போன பத்தாவது நிமிடம். கொழுந்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். ஒவ்வொருவரிடமும், "நங்கையா இருக்கறாங்க, பாத்துக்குவாங்க," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நம்பிக்கையாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் என் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன்.

கதவு உடைந்தது. உள்ளே நின்ற மூன்று பேரும் சேர்ந்து அவரை வெட்டினார்கள். "மூணு இருக்குதுங்க," என்றார் கொழுந்தனார். என் முறை வந்தது. மூன்று குரலும் வந்தன.

"நான் கொடியில ஏறறனுங்க," என்றேன்.

"நங்கையா, நான் செத்துப்போயிருவனுங்க."

"சாவுங்க, தம்பி."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சாவு விழுந்து ஒரு வருடம் திரும்பாத வீடு. மாமா படுத்திருந்த அறை வாசல் மேசையிலிருந்து நான்கடி. கணவர் பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் உருட்டினார். கொழுந்தனாரின் கோடாலிக்காரன் கோட்டை வாசலில் விழுந்து செத்தான்.

கொழுந்தனார், "அண்ணா, கடைசியா சேவ் பண்ணுன எடத்துல இருந்து போலாமுங்களா?" என்றார்.

"ஆமாங்ணா. எல்லாக் கேம்லயும் செத்தாத் திரும்பி ஆரம்பிக்கச் செக்பாயின்ட் இருக்குமுங்களே," என்றாள் அந்தப் பெண்.

கணவர் சமாதானப் பிரியர். எங்கே சண்டை வரும்போல இருந்தாலும் அங்கே தண்ணீர் ஊற்றப் பார்ப்பார். "செரி, செரி. கோட்டை வாசல்ல இருந்தே மறுபடி ஆரம்பிக்கலாம். அவன் சாகலைன்னு வச்சுக்கலாம். அம்மணி, நீ ஹீல் பண்ணிட்டதா வச்சுக்கலாம்."

அவ்வளவுதான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"நான் பண்ணலீங்க! ஒரே ஒரு தடவ மாட்டேன்னு சொன்னேன். அது நடந்துபோச்சு. அத அழிச்சுப்போட்டு, நான் பண்ணிட்டதா வச்சுக்கறதுக்கு நீங்க யாருங்க? உங்க மிஷின்ல வேணா அழிச்சுக்குங்க. இந்த மேசையில அழிச்சீங்கன்னா அப்பறம் நான் இங்க உக்கார மாட்டேன்."

குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். அடுப்படிக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். எதிரில் இருந்த டப்பாக்களை எல்லாம் காரணமில்லாமல் இடம் மாற்றி வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கொழுந்தனார் வந்து அடுப்படி வாசலில் நின்றார்.

"சேவ் வேண்டாம்னு சொல்லிப்போட்டனுங்க. செத்தது செத்ததுதான். நான் வேற ஆளு எழுதிக்கறன்."

நான் திரும்பவில்லை. அவரும் போகவில்லை. தறிக்காரர்களுக்குப் பொதுவாகவே கத்திப் பேசித்தான் பழக்கம். அன்றைக்கு அவர் குரல் கேட்கவே கேட்கவில்லை.

"நங்கையா. அப்பாவப் பாத்துக்கிட்டப்ப... மாட்டேன்னு சொல்லோணும்னு தோணுச்சுங்களா?"

"தெனமும்," என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் திறந்தபிறகு மூட முடியவில்லை. யாரிடமும் சொல்லாததை, கணவரிடம்கூடச் சொல்லாததை, அவரிடம் சொன்னேன். மாமாவின் குரல் கூடம் வரை எட்டாது, எது வேண்டுமானாலும் சாப்பிடுகிற தட்டில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். ஒரு மத்தியானம் அப்படித் தட்டினார். நான் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. தூங்கவில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். போகமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம். பிறகு போனபோது படுக்கை நனைந்திருந்தது. அவர் கண்ணை மூடிக் கிடந்தார். மாற்றிவிட்டேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அவருக்கு என்ன வேண்டியிருந்துச்சுன்னு தெரிஞ்சும் போகலீங்க தம்பி. அத எங்க போயி நான் அழிக்கறது?"

கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு, "எனக்குத் தெரியுமுங்க," என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்த வாரம் வந்தப்ப அப்பா எங்கிட்டச் சொன்னாருங்க. ரெண்டு தட்டுத் தட்டுனேன், வரலைன்னாரு."

"நான் தூங்கிட்டேன்னு நெனச்சிருப்பாரு," என்றேன்.

"இல்லீங்க. டிவியில சீரியல் சத்தம் கேட்டுச்சாம். வாய் கோணிக்கிட்டு ஒரே சிரிப்புங்க அவருக்கு. 'உங்க நங்கையா இன்னைக்கு எனக்கு டிமிக்கி குடுத்துப்போட்டாடா. மூணாவது தட்டுத் தட்டலாம்னு கரண்டியத் தூக்குனேன், செரி இருக்கட்டும்னு உட்டுட்டேன். பரவால்ல, அவளுக்கும் டிமிக்கி குடுக்கத் தெரியுது'ன்னாருங்க."

மாமா இறந்த அன்று வந்தவர்கள் எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். அது வந்தவர்களுக்காக அழுதது. இப்போது அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக, கணவரும் அந்தப் பெண்ணும் பயந்து எழுந்து வருகிறவரை அழுதேன். பால் பொங்கி வழிந்தது. நான் எட்டி அடுப்பை அணைக்கப் போகவில்லை. கொழுந்தனார்தான் அணைத்தார்.